பெயர் போடாத கை

பெண்கள் வீட்டு வேலை செய்யும் தங்கள் கையை மட்டும் செல்போனில் படமெடுத்து, பெயர் போடாமல் அனுப்பியிருந்தார்கள். எல்லாவற்றையும் கோர்த்துக் கண்காட்சிக்கு ஒரு கூட்டுப் படைப்பு தயாரித்துக்கொண்டிருந்தார் வீடியோ கலைஞர்.

“இந்தக் கையைப் பாருய்யா!” என்று எடிட்டரிடம் உருகினார். “கட்டைவிரலடியில பிறை மாதிரி சூட்டுத் தழும்பு. கட்டினவன் ஒருநாளாவது இதைப் பார்த்திருப்பானா?”

“யாரா இருக்கும் சார்?”

“தெரியலையே! ஆனா ஆயிரம் கைக்கு நடுவுல இருந்தாலும் கண்டுபிடிச்சிடுவேன்.”

“ஏங்க, டீ,” என்று வந்து நின்றாள் மனைவி.

“வச்சிட்டுப் போ. திரையை மறைக்காதே.”

டம்ளரை வைத்த கையைப் பார்த்த எடிட்டர், “சார்…” என்று வாயெடுத்தார்.

அவள் ‘உஷ்’ என்று உதட்டில் விரல் வைத்தாள். அந்தக் கையின் கட்டைவிரலடியில் பிறை தெரிந்தது.