நான்தாண்டி!

விடியலில் குளியலறையில் வழுக்கி விழுந்த குமுதவல்லியால் எழ முடியவில்லை. ஆனாலும் அவள் பயப்படவில்லை. அந்த மாடியில் எல்லாரும் தனியாக இருப்பவர்கள். அதனால் தினமும் காலையில் நடைவழி ஒலிபெருக்கி ஒவ்வொரு பெயராகக் கூப்பிடும். பதில் வராத கதவைப் பக்கத்து வீட்டுக்காரர் போய்த் தட்ட வேண்டும்.

"குமுதவல்லி யாரு? இருக்கீங்களா?"

அவள் வாயைத் திறப்பதற்குள் கூடத்திலிருந்து அவளுடைய குரலே பதில் சொன்னது. "நான்தான். நல்லா இருக்கேன்."

அவள் குரலிலேயே பதில் சொல்ல மகன் வைத்துவிட்டுப் போன பதிலாள் கருவி அது. "தூங்குற உன்ன எதுக்கும்மா எழுப்பணும்?" என்றிருந்தான். அந்த நேரத்தில் தூங்கிப் பழகி, அவள் அதை மறந்தே போயிருந்தாள்.

"ஐயோ, நான் இங்க விழுந்து கிடக்கேன்!"

"குமுதவல்லி பதில் சொல்லியாச்சு," என்றது ஒலிபெருக்கி. "அடுத்தது பிலோமினா."

குமுதவல்லி காதைத் தீட்டிக்கொண்டாள். 'அந்தக் குமுதா இன்னும் போய்ச் சேரலையா?' என்று கேட்காமல் பக்கத்து வீட்டுப் பிலோமினாவுக்குப் பொழுது விடியாது.

"இருக்கேன். குமுதா அக்கா சுகந்தானே?"

அக்காவா! அங்கேயும் பதிலாள்தான். மாடி முழுக்க ஆளில்லாத குரல்கள் ஒன்றையொன்று நலம் விசாரித்துக்கொண்டிருந்தன. அப்போதுதான் குமுதவல்லிக்குப் பயம் வந்தது.

கைக்கு எட்டிய சொம்பை எடுத்துப் பக்கத்து வீட்டுச் சுவரில் ஓங்கி ஓங்கி இடித்தாள்.

"எவடி அவ, விடிஞ்சதும் விடியாததுமா செவுத்த இடிக்கிற மூதேவி?"

குமுதவல்லிக்கு அழுகை பொத்துக்கொண்டு வந்தது.

"நான்தாண்டி!" என்று கத்தினாள். "இன்னும் போய்ச் சேரல. கதவை உடைச்சுக்கிட்டு வாடி!"