பொரிக்கு ஆறரை மணி

"அந்த ஞானபாய் ஆன்ட்டி நம்ம பொரியைக் கொல்லப் பார்க்கிறாங்க!"

ஆபீஸுக்குக் கிளம்பிக்கொண்டிருந்த லிங்கத்துக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

"வீட்டுக்காரம்மாவா? நாய்க்குட்டியையா? எதுக்குடி?"

"சிரிக்காதீங்க. நான் கண்ணால பார்த்தேன்" என்றாள் கலைச்செல்வி.

பொரி வந்து ஒன்பது நாள்தான் ஆகிறது. ரெண்டு மாதப் பொமரேனியன் குட்டி. ஒரு கை பொரியை அள்ளித் தரையில் வைத்த மாதிரி இருக்கும், அதனால் அந்தப் பெயர். கழக்கூட்டம் என்ற மலையாள ஊரில் இவர்கள் குடியிருக்கும் மாடி வீட்டில், ஃப்ரிட்ஜ் கதவிலேயே அதற்கொரு டைம்டேபிள் ஒட்டியிருந்தாள் கலைச்செல்வி. ஆறரைக்குக் கீழே முற்றத்தில் 'போய்' வர வேண்டும். ஏழுக்குச் சாப்பாடு, எட்டுக்குத் தூக்கம், பத்துக்கு மறுபடி முற்றம். பத்தாம் வகுப்புப் பிள்ளைக்குக்கூட இத்தனை கெடுபிடி இருக்காது.

டாக்டர் படித்துப் படித்துச் சொல்லியிருந்தார். "தினம் ஒரே நேரம், ஒரே இடம். அப்பத்தான் பழகும். மூணு ஊசியும் முடியற வரைக்கும் ரோட்டுல கால் படக் கூடாது. பார்வோ வைரஸ் வந்தா குட்டி ரெண்டு நாள் தாங்காது."

அதற்குப் பயந்துதான் வீட்டு முற்றத்தோடு நிறுத்தியிருந்தாள். கடைசியில் முற்றத்திலேயே எமன்!

கீழ் வீட்டில் தனியாக இருப்பவர் ஞானபாய். வீட்டுச் சொந்தக்காரர், பாறசாலைப் பக்கத்துத் தமிழ்க்காரர். முதல் நாள் பொரியைப் பார்த்ததுமே அவர் முகம் சுண்டிப்போனது.

"இப்பவே வாங்கணுமா மக்களே? அடுத்த வருஷம் வாங்கக் கூடாதா?"

அவ்வளவுதான். கொஞ்சவில்லை, தொடவில்லை. மறுநாள் படியேறி வந்து போலீஸ் மாதிரி விசாரித்தார்.

"எத்தனை மணிக்குக் கீழ எறக்குவ?"

"ஆறரைக்கு ஆன்ட்டி."

"எங்க?"

"மோட்டார் பக்கத்துல, அந்த இன்டர்லாக் கல்லு மேல. நானே கழுவி விட்டுடறேன்."

"அங்க மட்டும்தானே? நேரமும் மாத்தப்பிடாது, எடமும் மாத்தப்பிடாது, கேட்டியா?"

வீட்டுக்காரம்மா அதிகாரம் என்று அன்றைக்கு விட்டுவிட்டாள். இன்று விடியற்காலை ஐந்தரைக்கே விழிப்பு வந்து பால்கனிக்குப் போனபோதுதான் விஷயம் விளங்கியது. ஞானபாய் முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டு, சரியாகப் பொரி உட்காருகிற இடத்தில் ஒரு டப்பாவிலிருந்து வெள்ளைப் பொடியைத் தூவிக்கொண்டிருந்தார்.

"கோலமா இருக்கும்டி" என்றான் லிங்கம்.

"ஞாயித்துக்கிழமை தவறாம சர்ச்சுக்குப் போறவங்க கோலமா போடுவாங்க? அதுவும் மூக்கைப் பொத்திக்கிட்டு? போன மாசம் பக்கத்து லேன்ல நாலு தெருநாய் செத்துக் கிடந்துச்சே, ஞாபகம் இருக்கா?"

லிங்கத்தின் சிரிப்பு நின்றது.

"சரி, வேற வீடு பார்க்கிற வரைக்கும் சண்டை வேண்டாம். நீ இடத்தை மட்டும் மாத்திடு."

அன்று பொரியைக் கீழே இறக்கவே இல்லை. பால்கனியில் பேப்பர் விரித்துச் சமாளித்தாள். லேப்டாப்பில் மீட்டிங் ஓடிக்கொண்டிருக்க, இவள் குட்டியின் வாயை முகர்ந்து பார்த்துக்கொண்டிருந்தாள். அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய் என்பார்கள். பொரி ஒரு தும்மல் போட்டதற்கே இவளுக்கு உயிர் போய் உயிர் வந்தது.

மறுநாள் காலை ஆறேகால். ஞானபாய் மோட்டார் பக்கம் ஹோஸ் பிடித்துக் கல்லைக் கழுவிக்கொண்டிருந்தார். தடயத்தை அழிக்கிறாராக்கும்! கலைச்செல்வி பொரியை மார்போடு அணைத்துக்கொண்டு, சத்தம் காட்டாமல் வீட்டுக்குப் பின்னால் போனாள். சாம்ப மரத்தடியில் மண் மெத்தென்று இருந்தது. யார் கண்ணும் படாது. நிம்மதியாகக் குனிந்தாள்.

"ஐயோ! வேண்டாம்! விடாத!"

ஹோஸை எறிந்துவிட்டு ஞானபாய் ஓடி வந்தார். முட்டுவலிக்காரர் அப்படி ஓடுவார் என்று யாரும் நம்ப மாட்டார்கள். வந்த வேகத்தில் பொரியை வெடுக்கென்று பிடுங்கினார்.

"விடுங்க ஆன்ட்டி!" கலைச்செல்வி அலறினாள். "வாயில்லா ஜீவன், உங்களுக்கு என்ன பாவம் செஞ்சுது? விஷம் வச்சுக் கொல்லணுமா?"

அவர் காதில் எதுவும் விழவில்லை. குட்டியைப் புரட்டி நாலு காலையும் ஒவ்வொன்றாகப் பார்த்தார்.

"மண்ணுல கால் பட்டுதா? சொல்லு மக்களே, பட்டுதா?"

"இ... இல்ல."

"கர்த்தாவே!" என்று துணி துவைக்கிற கல்லில் உட்கார்ந்துவிட்டார்.

"என்ன சொன்ன, விஷமா? அது ப்ளீச்சிங் பவுடராக்கும். பார்வோ கிருமிக்கு. கல்லுல கெடக்கறத அதப் போட்டுக் கொன்னு, நீ வரதுக்கு முன்ன கழுவி விட்டிருவேன். மண்ணுக்குள்ள கெடக்கறத நான் என்ன செய்ய? நீங்க குடிவரதுக்கு முன்ன, போன மழைக்காலம் என் ஜிம்மி பார்வோ வந்துதான் செத்தான். இதே வயசுக் குட்டி. இந்த மரத்து மூட்டுலதான் பொதைச்சேன். ஒரு வருஷத்துக்குக் கிருமி சாகாதுன்னு டாக்டர் சொன்னாரு."

கலைச்செல்விக்குக் கண் நிறைந்துவிட்டது. சொன்ன வார்த்தையைத் திரும்ப அள்ள முடியுமா?

"என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே ஆன்ட்டி..."

ஞானபாய் முதல் முறையாகப் பொரியின் தலையைத் தடவினார்.

"சொன்னா நீ பயந்துருவேன்னுதான் மக்களே சொல்லல."