ஜெயிக்கவிடாத கேம்

“நீ ஒண்ணும் பேச வேணாம் பாவா. சேரை இப்பிடித் திருப்பு, போதும்” என்றான் ஜெயப்பிரகாஷ்.

சந்திரமோகன் அசையவில்லை. ஜெயப்பிரகாஷ்தான் நாற்காலியோடு சேர்த்து அவனைத் திருப்பி மேசை முன்னால் இழுத்துவிட்டான். அத்தை மகன் என்பதால் சின்ன வயதிலிருந்தே அவன் பாவாதான். பிறகு ஜெயப்பிரகாஷின் தங்கை புஷ்பலதாவைக் கட்டிக்கொண்டு உறவை இரட்டிப்பாக்கிக்கொண்டான். ஓடுகிற ரயிலில் ஏறப்போய் வழுக்கியதில் சந்திரமோகனின் வலது கால் முழங்காலுக்குக் கீழே போய்விட்டது. ஆஸ்பத்திரியிலிருந்து திரும்பி ஒன்றரை மாதம் ஆகிறது.

செயற்கைக் காலுக்கு அளவு கொடுக்க வரமாட்டேன் என்கிறானாம். நாலு நாளாகச் சோற்றைத் தொடவில்லையாம். இதையெல்லாம் போனில் சொல்லி அழுத புஷ்பலதா கடைசியாகச் சொன்னதுதான் ஜெயப்பிரகாஷை அரக்கோணத்திலிருந்து போட்டது போட்டபடி ஓடிவர வைத்தது.

“தூக்க மாத்திரைய எங்க வெச்சிருக்கேன்னே கேட்டுகினு இருக்காருண்ணா.”

அவன் வெறுங்கையோடு வரவில்லை. பள்ளி நாட்களில் இருவரும் போய்வந்த மலையடிவாரத்து பிரவுசிங் சென்டரை மூடியபோது ஆசைக்கு வாங்கிப் பரணில் போட்டுவைத்த பழைய கம்ப்யூட்டரை ஆட்டோவில் ஏற்றி வந்திருந்தான். அதில்தான் அந்த கேம் இருந்தது. இரும்புத் துண்டுகளைப் பொறுக்கி ஆளுக்கொரு ரோபோ செய்து மோதவிட வேண்டும்.

கேமா அது? கோளாறுகளின் மொத்த வியாபாரம். சக்கரம் வைத்தால் ரோபோ இடப்பக்கமே சாயும். ரம்பம் வைத்தால் தன் கையையே அறுத்துக்கொள்ளும். எல்லாவற்றுக்கும் மேலே ஒரு கோளாறு உண்டு. ஜெயப்பிரகாஷ் கடைசி அடி கொடுக்கும் நேரம் பார்த்துத் திரை அணைந்து, கம்ப்யூட்டர் மறுபடி முதலிலிருந்து கிளம்பும். இரண்டாவது ஆள் ஜெயிப்பது அந்த கேமுக்குத் தாங்காது என்று இருவரும் முடிவு கட்டினார்கள். ஜெயப்பிரகாஷ் மலைக்கோயில் விபூதியைக் கொண்டுவந்து மானிட்டருக்குப் பட்டை போட்டுக்கூடப் பார்த்தான். சென்டர்க்காரரிடம் திட்டு வாங்கியதுதான் மிச்சம்.

ஆனாலும் பிளஸ் டூ முடிகிறவரை இருவரும் அங்கேயே பழியாய்க் கிடந்தார்கள்.

இன்றைக்கு அவன் நம்பி வந்ததே அந்தக் கோளாறைத்தான். வேண்டுமென்றே விட்டுக்கொடுத்தால் பாவா கண்டுபிடித்துவிடுவான். உயிர்மேலேயே ஆசை விட்டவனுக்கு இன்னொரு தோல்வியும் கூடாது. முழு மூச்சாக ஆடலாம், மிச்சத்தை கேம் பார்த்துக்கொள்ளும்.

கம்ப்யூட்டர் பெட்டியை மேசைக்கடியில் தள்ளி வயர்களை மாட்டினான். திரையில் அந்தத் துருப்பிடித்த மைதானம் தெரிந்தது. சந்திரமோகன் வெகுநேரம் பார்த்துக்கொண்டே இருந்தான். பிறகு ஒரு கை மெதுவாகக் கீபோர்டுக்கு வந்தது.

“ரம்பம் வேணாம். சுத்தியே வெச்சிக்கிறேன்” என்றான்.

நாலு நாளில் அவன் வாயிலிருந்து வந்த முதல் நல்ல பேச்சு அது. சமையலறை வாசலில் நின்ற புஷ்பலதா முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு, தட்டில் சோறு போட உள்ளே ஓடினாள்.

ஆட்டம் சூடு பிடித்தது. பத்து நிமிடத்தில் சந்திரமோகனின் ரோபோ ஒரு சக்கரம் கழன்று மூலையில் ஒண்டிக்கொண்டது. இன்னும் ஒரே அடி. சந்திரமோகன் உதட்டைக் கடித்தான். நெற்றி வியர்த்துக் கொட்ட, உடம்பு முழுவதும் நாற்காலியில் முன்னால் சரிந்தது. இதோ அணையப்போகிறது என்ற தைரியத்தில் ஜெயப்பிரகாஷ் ஓங்கி அடித்தான்.

திரை அணையவில்லை. மூலையிலிருந்த ரோபோ இரண்டாகப் பிளந்தது. இரண்டாவது ஆட்டக்காரர் வென்றார் என்று அவன் ஆயுளிலேயே பார்க்காத எழுத்துகள் பளபளத்தன.

ஜெயப்பிரகாஷ் கீபோர்டிலிருந்து கையை எடுத்தான். இத்தனை வருஷம் பரணில் கிடந்ததில் கோளாறு தானாகச் சரியாகியிருக்கும், இந்த ஆட்டம் கணக்கில்லை, இன்னொன்று ஆடலாம் என்று என்னென்னவோ உளறினான்.

சந்திரமோகன் திரையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

“கேம்ல ஏது மச்சான் கோளாறு? பெட்டியில ரீஸ்டார்ட் பட்டன் இருக்குதில்ல, நீ ஜெயிக்கப்போற நேரத்துல எல்லாம் வலது கால் கட்டைவிரலால நான்தான் அமுக்குவேன். இப்பவும் அமுக்கினேன். அமுங்கின மாதிரிதான் இருந்திச்சி.”