இறக்கை வைத்த கவுன்

காலையில் கடைக்குள் நுழைந்த சுமலதாவுக்குத் தூக்கிவாரிப் போட்டது. ஷோகேஸ் பொம்மை வெறும் உடம்போடு நின்றது. அது போட்டிருந்த கவுன் கட்டிங் டேபிளில் கிடக்க, கடை முதலாளி ஷகிலா அதன் இறக்கையைத் தையல் தையலாகப் பிரித்துக்கொண்டிருந்தாள்.

பொம்மிடி ஸ்டேஷன் ரோட்டில் ஷகிலாவின் நைட்டிக் கடையைத் தெரியாதவர்கள் கிடையாது. ஃபேஷன் டிசைனிங் படித்த சுமலதா, அங்கே வேலைக்குச் சேரும்போதே ஒரு கண்டிஷன் போட்டாள். நாளெல்லாம் நைட்டி வெட்டித் தருவேன், ஷோகேஸ் மட்டும் என் இஷ்டம்.

அப்படிப் பிறந்ததுதான் இந்தக் கவுன். ஒரு தோளில் கிளம்பி, மார்பை மூடி, அடுத்த தோளைத் தாண்டிப் பறக்கும் கொசுவ இறக்கை. பேப்பர் கட்டிங்கெல்லாம் கிடையாது, பொம்மை மேலேயே துணியைப் போட்டு மடித்துத் தைத்தது. பெங்களூர் ஃபேஷன் ஷோவில் அது ஜெயித்தால் பெரிய கம்பெனியில் வேலை.

ஊர் சிரித்தது. கீரை விற்கும் நஞ்சம்மாள் கண்ணாடி முன்னால் நின்று, "இதப் போட்டுக்கினு ரயில் ஏறுனா ரெண்டு டிக்கெட் கேப்பானே" என்றாள். சிரிக்க வந்தவர்கள் அப்படியே ஒரு நைட்டியும் வாங்கிப் போனார்கள் என்பது வேறு விஷயம்.

"ஏங்க்கா பிரிச்சீங்க?" என்றபடி சுமலதா டேபிளுக்கு ஓடினாள்.

"பேட்டர்ன் எடுக்கத்தாம்மா. இந்த றெக்கைய மட்டும் சின்னதாக்கி நைட்டியில வெச்சா நல்லாருக்கும். கேட்டா நீ குடுக்க மாட்ட."

வந்ததே கோபம் சுமலதாவுக்கு. நைட்டியெல்லாம் ஒரு டிரஸ்ஸா, அதைப் போடுகிறவர்களுக்கு ரசனை என்று ஒன்று உண்டா, நான் செத்தாலும் போட மாட்டேன் என்று பொரிந்து தள்ளினாள். நான் பெரிய இடத்துக்குப் போவது பொறுக்காமல்தான் பிரித்தீர்கள் என்றும் ஒரு வார்த்தை விட்டாள். கத்தரிக்கோலை டேபிளில் வைத்துவிட்டுக் கிளம்பியும் விட்டாள்.

துணி வெட்ட ஆளில்லாமல் கடை ஓடாது. அதைவிட, அந்தக் கடைசி வார்த்தைதான் ஷகிலாவைத் தூங்க விடவில்லை.

மறுநாள் விடிந்ததும் பார்சலும் கையுமாகப் போய் சுமலதா வீட்டுக் கதவைத் தட்டினாள்.

பால்காரர் என்று நினைத்துத் திறந்த சுமலதா அப்படியே நின்றுவிட்டாள். உடம்பில் பூப்போட்ட நைட்டி. தோளில் அவசரத்துக்கு எடுத்துப் போட்ட குளியல் துண்டு, அது நழுவாமல் பிடித்துக்கொள்ள ஒரு கை.

ஷகிலா சிரிக்கவில்லை. அதற்கு அவள் பட்ட பாடு அவளுக்குத்தான் தெரியும். பார்சலைப் பிரித்தாள். உள்ளே அந்தக் கவுன். ஒரு கொசுவம் பிசகாமல் இறக்கையைப் பழையபடி தைத்து வைத்திருந்தாள்.

"பெங்களூருக்கு அனுப்பிரும்மா. கேக்காம பிரிச்சது என் தப்புதான். நீ மேல போனா எனக்குப் பெருமைதானே."

சுமலதாவுக்குக் கண் கலங்கிவிட்டது. கவுனை வாங்க இரண்டு கைகளையும் நீட்டினாள். துண்டு நழுவிக் கீழே விழுந்தது.

ஷகிலா குனிந்து அதை எடுத்து, அவள் தோளில் போட்டுவிட்டுச் சொன்னாள்:

"இதுக்குத்தாம்மா அந்த றெக்கையப் பிரிச்சேன்."