விரலில் வைத்த மை

படைச் செலவைப் பாதியாகக் குறைக்கலாமா என்று நாடு கேட்டபோது, புரோட்டாக் கடை அருளப்பன் முதல் ஆளாகப் போய்க் குறைக்கலாம் என்று ஓட்டுப் போட்டார். எல்லையில் இடது கையைப் பறிகொடுத்தவர் வேறென்ன சொல்வார்? மை வைக்க வலது கையைக் கேட்டார்கள். அவரோ, நினைத்ததும் மடங்கி நீளும், ராணுவம் மாட்டிவிட்ட இயந்திரக் கையைத்தான் வீம்பாக நீட்டினார்.

அவர் பக்கமே ஜெயித்தது. மூன்றாம் வாரம், அவர் மாவு வீசிக்கொண்டிருந்தபோது ராணுவ அலுவலகத்து ஆள் ஒருவன் பெட்டியோடு வந்து நின்றான்.

“அண்ணாச்சி, செலவைக் குறைக்கச் சொல்லிட்டியல்லா. குடுத்த கையெல்லாம் திரும்ப வாங்கச் சொல்லி உத்தரவு.”

“பீரங்கியெல்லாம்?”

“அதைப் பத்தி அடுத்த வருசம் பேசுவாங்களாம்.”

அருளப்பன் அடுப்பை அணைத்தார். மாவு ஒட்டிய கையை அவர் மனைவி லூர்து கழற்றி, ஈரத்துணியால் துடைத்துக் கொடுத்தாள். வந்தவன் ஒவ்வொரு விரலாகத் திருப்பிப் பார்த்தான். ஆள்காட்டி விரலில் அவன் பார்வை நின்றது.

“இந்த மை போகாதா, அண்ணாச்சி?”

“போகாது.”

அவன் படிவத்தில் எழுதினான்: ‘பொருள் சேதம். காரணம், உபயோகித்தவரின் கவனக்குறைவு.’