ஈயம் எங்கே போச்சு?

"அந்தப் பொண்ணு வெல போயிட்டா. அதான் சைபர் காட்டுது!"

முணுமுணுத்தபடி ஷாகுல், டம்ளரில் இருந்த போர்வெல் தண்ணீரில் ஈயம் சோதிக்கும் கருவியின் முனையை மறுபடியும் முக்கினார். செல்போனில் பச்சை எரிந்தது. தண்ணீரில் ஈயமே இல்லையாம்!

அனகாபுத்தூரில் அந்தச் சந்துக்கே ஒரே போர்தான். பின்பக்கம் ஸ்ரீரங்கனின் பழைய பேட்டரிகளை உடைத்து ஈயம் எடுக்கும் பட்டறை. போன வாரம் ஆராய்ச்சி மாணவி நித்யஸ்ரீ வந்து சோதித்தபோது, செல்போனில் பளீரென்று சிவப்பு எரிந்தது.

"முனையில நானோ துகள் பூசியிருக்கு அங்கிள். ஒவ்வொண்ணும் கண்ணுக்கே தெரியாத சைஸ். ஈயத்தைப் பிடிக்கிறதே அந்தப் பூச்சுதான்" என்று விளக்கி, தினமும் சோதிக்கச் சொல்லி அவரிடமே கருவியைக் கொடுத்துவிட்டுப் போனாள். கடிகாரம் ரிப்பேர் செய்கிறவர், கை நடுங்காது, எதையும் தூசு தும்பு இல்லாமல் வைத்திருப்பார் என்று சந்தே சிபாரிசு செய்திருந்தது.

மறுநாளிலிருந்து பச்சைதான். சந்தேகப்படுவதில் ஷாகுல் சம்பளம் வாங்காத போலீஸ். நேற்று அவள் ஸ்ரீரங்கனின் பட்டறையில் டீ குடித்ததைப் பார்த்ததும், அவருக்கு எல்லாம் புரிந்துவிட்டது.

மகள் சோயா தலைப்பிரசவத்துக்கு வந்திருந்தாள். "மெஷினே நல்ல தண்ணின்னு சொல்லிடுச்சு. நீங்க இன்னாத்துக்கு பேஜார் பண்றீங்க?" என்று மனைவி ஷம்சாத் கேன் தண்ணீரை நிறுத்திவிட்டு, போர் தண்ணீரையே மகளுக்குக் கொடுத்துக்கொண்டிருந்தாள்.

வாசலில் நித்யஸ்ரீயின் ஸ்கூட்டி வந்து நின்றது. அவள் ஹெல்மெட்டைக் கழற்றுவதற்குள் பிடித்துக்கொண்டார்.

"பட்டறை டீ ருசியா இருந்துச்சாம்மா?"

"அங்கே மண்ணு எடுக்கப் போனேன் அங்கிள். அந்த மண்ணுல அவ்வளவு ஈயம் இருக்கு. நீங்க மட்டும் தினமும் சைபர்னு அனுப்புறீங்க. எனக்கே சந்தேகமா இருக்கு."

"இந்தக் கதையெல்லாம் வேணாம். எம் பொண்ணு வயித்துல புள்ள கீது. நாலு நாளா இந்தத் தண்ணியத்தான் குடிக்கிறா. மெஷின்ல இன்னா தில்லுமுல்லு பண்ண, சொல்லு!"

நித்யஸ்ரீ கருவியை வாங்கி வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தாள். முனை புதுத் தங்கமாக மின்னியது. அவள் முகம் வெளுத்துவிட்டது.

"அங்கிள்... இந்த முனையில கறுப்பா பூச்சு இருந்துச்சே, எங்கே?"

ஷாகுல் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டார்.

"அந்தக் கரியா? நீ குடுத்த அன்னிக்கே டூத்பேஸ்ட் போட்டுத் தேச்சு எடுத்துட்டேனே!"