எது சேரும்?

கீரனூரில் கம்ப்யூட்டர் கடை வைத்திருக்கும் பெலிக்ஸிடம் சவரியப்பன் செல்போனை நீட்டினார். அதில் ஒரு பழைய மதர்போர்டின் படம்.

"எங்க ஊரு இ-சேவை மைய சிஸ்டம் தம்பி. ஆன் ஆகவே அரை மணி நேரம் ஆகுது. சனமெல்லாம் வெளியில காத்துக் கெடக்குது. பழைய டிஸ்க்க எடுத்துட்டு எஸ்.எஸ்.டி போட்டா பறக்குமாமே?"

"பறக்கும்ங்க. ஆனா இந்த போர்டுக்கு சாட்டா டைப்தான் சேரும். புதுசா வந்திருக்க என்.வி.எம்.இ சேராது. செருகவே எடமில்ல."

"கண்டிப்பா சேராதா?"

"தலைகீழா நின்னாலும் சேராது."

"அப்ப அதையே குடுங்க."

சேராததை வாங்கிப் போய்ச் சண்டைக்கு வந்தவர்கள் உண்டு. சேராது என்று தெரிந்தே கேட்கிற ஆளை பெலிக்ஸ் இன்றுதான் பார்க்கிறான்.

"மையத்துல யாரும் திட்ட மாட்டாங்களா?"

"ஷெரின் பாப்பா மட்டுந்தான் அங்க. கீரனூர் போறீங்களே, பாத்து வாங்கிட்டு வாங்கன்னுச்சு."

"சேரலன்னா மாத்த அனுப்புவாங்களேங்க?"

"அனுப்பட்டும். அதுக்கும் நான்தான் வருவேன்."

"நீங்க அந்த மையத்துல என்ன வேலை பாக்குறீங்க?"

"மையத்துல இல்ல தம்பி." சவரியப்பன் என்.வி.எம்.இ-யைப் பத்திரமாகப் பையில் வைத்தார். "எதிர்த்தாப்ல டீக்கடை."